பேஸ் காணாமல் போகும் வீடு

நவம்பர் 4, செவ்வாய்

இன்று குழந்தைவேல் ஐயா வீட்டில் தவழ்ந்தேன். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். சம்பத் நகர்ப் பக்கம் வீடு.

தவழ்வதுதான் என் வேலை. ஹோம் தியேட்டரில் அடிவயிற்றுக்கு இறங்கும் ‘டும்’ சத்தத்துக்கு பேஸ் என்று பெயர். அது வரும் பெட்டி ஊஃபர். பேச்சும் பாட்டும் வருகிற சின்ன ஸ்பீக்கர்களை எங்கே மாட்டுவது என்று அட்டைப்பெட்டியிலேயே படம் போட்டிருக்கும். ஊஃபருக்கு அப்படிப் படம் போட்டு உபயோகமில்லை. ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு இடம். ஒரு மூலையில் பேஸ் குவிந்து கிடக்கும், கொஞ்சம் தள்ளிப் போனால் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அதனால் முதலில் ஊஃபரைத் தூக்கி, வீட்டுக்காரர் உட்காரும் சோபாவில் அவருக்குப் பதிலாக உட்கார வைப்போம். அண்ணன் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் போடுவான். நான் தரைக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு சுவரோரமாகத் தவழ்ந்து போவேன். எங்கே சத்தம் கொழகொழவென்று இல்லாமல் நிறைவாகக் கேட்கிறதோ அங்கே சாக்பீஸால் குறி போடுவேன். பிறகு பெட்டி அங்கே போகும், வீட்டுக்காரர் சோபாவுக்கு வருவார். இரண்டு பேரும் இடம் மாறிக்கொண்டாலும் சத்தம் மாறாது.

அண்ணனால் தவழ முடியாது. பைக்கில் விழுந்ததிலிருந்து முழங்காலில் கம்பி இருக்கிறது. எனக்கும் இந்த வேலை ஒத்துப்போகிறது. தவழ்கிறவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒன்பதாவதில் தினமும் யாரையாவது எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

ஐயா இரண்டு ஊஃபர் வாங்கியிருக்கிறார். மகன் சென்னையில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் அவன் அறைதான் இப்போது தியேட்டர். திரைக்கு இரண்டு பக்கமும் முன்மூலைகளில் குறி போட்டேன். அண்ணன் பெட்டிகளை வைத்துவிட்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். ஐயா போனில் மஞ்சள் விலை பேசிக்கொண்டிருந்தார். அதனால் காப்பி கொண்டுவந்த அவர் மனைவியிடம் சொன்னான்.

“அக்கா, பெட்டிக்குப் பின்னால இந்தக் குட்டி சுவிட்ச்சு இருக்குது பாத்தீங்களா? இத மட்டும் தொட்டுராதீங்க. இதத் தள்ளிவிட்டா ஒரு பொட்டி முன்னால தள்றப்ப இன்னொண்ணு பின்னால இழுக்கும். ரெண்டும் சேந்து ஒண்ணுமில்லாமப் போயிரும். நடுவுல உக்காந்தா பேஸே இருக்காது.”

“அப்புடிங்களா?” என்று அவர் குனிந்து நன்றாகப் பார்த்துக்கொண்டார். பெயர் வசந்தாமணி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டூட்டியாம்.

ஐயா சோபாவில் உட்கார்ந்து ஒரு சண்டைக்காட்சி பார்த்தார். “நெஞ்சுல யாரோ தட்டற மாதிரியே இருக்குது” என்றார். டி.வி. கடையில் சம்பளத்துக்கு இருந்ததை விட்டுவிட்டு அண்ணன் தனியாக எடுத்த முதல் வேலை இது. ஐயா மண்டியில் எல்லோரிடமும் சொல்கிறேன் என்றார்.

கணவன் மனைவி இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. காலையிலேயே பேசி முடித்திருப்பார்கள்.

நவம்பர் 5, புதன்

மாவு ஆட்டினேன். சுடிதாரில் முழங்கால் பக்கம் நைந்துவிட்டது. ஒட்டுப் போட்டேன்.

நவம்பர் 8, சனி

ஐயாவிடமிருந்து போன். பேஸைக் காணோமாம்.

போனோம். அண்ணன் பெட்டிக்குப் பின்னால் பார்த்தான். சுவிட்ச் தள்ளியிருந்தது. வாசலுக்கு வந்ததும் என்னிடம், “தவழ்றப்ப முழங்கைல இடிச்சுட்டியா?” என்றான். பெட்டிகளை வைத்த பிறகு நான் அந்தப் பக்கம் தவழவே இல்லை. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்தேன். அதற்குள் அவன் பைக்கைக் கிளப்பிவிட்டான்.

நவம்பர் 9, ஞாயிறு

நூல் மில்லில் வேலை செய்யும் பெண்ணொருத்தியை அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். மில் பல்லடம் பக்கம். அங்கேயே ஹாஸ்டல். அவள் அங்கே தினமும் குருமா போடுவார்கள் என்றாள்.

“இந்த மண்டிக்காரரு வீடு நல்லபடியா வந்துதுன்னா சரி. இல்லீன்னா உங்கண்ணன் பழையபடி கடைக்குப் போகட்டும், நீ மில்லுக்குப் போ சாமி. ஊரான் வீட்டுத் தரையெல்லாம் தேச்சுட்டுத் திரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?” என்றாள் அம்மா.

அண்ணன், “அவ இல்லாம நான் எப்புடிம்மா செட் பண்றது?” என்றான். பிறகு, “வேற ஆளு வெச்சுக்கலாம், ஆனாலும்” என்றான்.

மில்லில் சத்தம் அதிகமாம். பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காதாம். யாரும் பேச மாட்டார்கள் என்றால் எனக்கு வசதிதான். என்னவோ ராத்திரி சோறு இறங்கவில்லை. குழம்பில் புளி அதிகம்.

நவம்பர் 12, புதன்

மறுபடியும் பேஸைக் காணோம். மறுபடியும் அதே சுவிட்ச்.

அண்ணன் இந்த முறை என்னைச் சந்தேகப்படவில்லை. “பேஸ் அதிர்வுல தானா நகருதுங்க” என்று ஐயாவிடம் சொன்னான். அப்படி நகராது. சுவிட்ச் நகம் வைத்துத் தள்ள வேண்டிய அளவு இறுக்கம். அண்ணன் அதைச் சரியான பக்கம் தள்ளி, மேலே கறுப்பு டேப் ஒட்டி மூட வேண்டும் என்றான். டேப் எடுக்க பைக்குக்குப் போனான்.

அந்த நேரத்தில் ஐயா என்னிடம் பேசினார். நான் பதில் சொல்வதில்லை என்பதால் சிலர் என்னிடம் நிறையப் பேசுவார்கள்.

“மண்டில காத்தால ஏலம் அம்மணி. ஒரே கூச்சல். அங்க ஒண்ணும் தெரியாது. மத்தியானம் ஊட்டுக்கு வந்தா, தட்டு வெக்கிற சத்தம், டம்ளர் வெக்கிற சத்தம், அவ்வளவுதான். பையன் இருந்தான்னா அவனத் திட்டீட்டாவது இருப்போம். இப்பத் திட்டறதுக்கும் ஆளில்ல. அதான் இத வாங்கினது. நெஞ்சுல தட்டுச்சுன்னா ஊட்டுல யாரோ இருக்கற மாதிரி இருக்குது.”

நான் தலையாட்டினேன்.

“என்ற சம்சாரம் பக்கத்து ரூம்புலதான் தூங்குவா. எத்தன சத்தம் வெச்சாலும் எந்திரிக்க மாட்டா. நல்ல தூக்கக்காரி.”

அண்ணன் டேப்போடு வந்தான். ஐயாவின் குரல் மாறியது. “இன்னொருக்கா போச்சுன்னா அத்தனையும் கழட்டீட்டுப் போயிருங்க தம்பி. மண்டில நல்லவிதமாச் சொல்லி வெச்சிருக்கறேன். மாத்திச் சொல்ல வெக்காதீங்க.”

வரும்போது அண்ணன் வழியெல்லாம் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பேசாமல் இருப்பது வேறு.

நவம்பர் 14, வெள்ளி

ஒயர் எல்லாம் தரையில் கிடப்பதைச் சுவரில் கிளிப் அடித்து ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்று அண்ணன் தானாகவே சொல்லியிருந்தான். காலையில் போனோம். ஐயா மண்டியில் இருந்தார். வசந்தாமணி அக்கா டூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தார். அண்ணன் கிளிப்பை வாங்கின கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தான். அதை எடுத்துவரப் போனான். நான் சோபாவுக்குப் பின்னால் படுத்து ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

தரையோடு இரண்டு கால்கள் உள்ளே வந்தன. மெட்டி தேய்ந்திருந்தது. நேராக ஊஃபருக்குப் போய் நின்றன. பிறகு ஒரு கை கீழே வந்தது. கறுப்பு டேப்பை ஓர் ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தது. சுவிட்சை நகத்தால் தள்ளியது. டேப்பைப் பழையபடி சுருக்கமே இல்லாமல் ஒட்டி, மேலே ஒருமுறை தடவிவிட்டது. ஊசி போட்ட இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டுவார்களே, அந்த மாதிரி.

எனக்குத் தும்மல் வந்துவிட்டது.

அக்கா குனிந்து சோபாவுக்குப் பின்னால் பார்த்தார். நான் படுத்தபடியே அவரைப் பார்த்தேன். எழுந்திருக்க வேண்டுமா என்று தெரியவில்லை.

“சொல்லிருவியா?” என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் தரையில் உட்கார்ந்தார். டூட்டிப் புடவையை இன்னும் மாற்றவில்லை. “உங்கண்ணன்தான் சொல்லிக்குடுத்துச்சு. இத மட்டும் தொட்டுராதீங்கன்னு” என்றார். சிரித்தார் என்று நினைக்கிறேன். கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

“ராத்திரி பூரா நிக்கறேன். காத்தால வந்து சமைச்சு வெச்சுட்டு மத்தியானம் படுத்தா அந்தச் சுவரே அடிக்குது. காதப் பொத்துனா நிக்கற சத்தமா அது? கட்டல்ல வருது, தலகாணில வருது, பல்லுல வருது. முந்தாநேத்து ஒரு பெட்டுக்குப் போட வேண்டிய ஊசிய அடுத்த பெட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். அந்தாளு முழிச்சிருந்தாரு. ‘எனக்கு ஊசி இல்லீங்களே சிஸ்டர்’ன்னாரு. அவரு தூங்கியிருந்தா?”

அதற்கு என்னிடம் தலையசைப்பு எதுவும் இல்லை.

“ஊட்டுக்காரருகிட்டச் சொல்லலாம்ல அப்படீன்னு நினைக்கிற” என்றார். நான் நினைத்தேன்தான். “சொல்லோணும்னா பேசோணுமே கண்ணு. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. பையன் போனப்பறம் ரெண்டு நாளு பேசறதுக்கு ஒண்ணும் வல்ல. அப்பறம் அப்புடியே உட்டுப்போச்சு. இப்பப் போயி எடுத்ததும் இதச் சொன்னா, குத்தம் சொல்றதுக்குத்தான் வாயத் தொறந்தேன்னு ஆயிரும்.”

அண்ணனின் பைக் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து போய்விட்டார்.

கிளிப் அடித்து முடித்தோம். போகும்போது நான் சுவிட்சைத் திருப்பித் தள்ளியிருக்கலாம். டேப்பைப் பார்த்தேன். நன்றாக ஒட்டியிருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

நவம்பர் 15, சனி

மழை. போன் அடித்தபோதெல்லாம் குளியலறைக்குப் போனேன். ஐயா மத்தியானம் படம் பார்த்திருக்க மாட்டார் போலிருக்கிறது. ஒருவேளை இன்று அக்கா தூங்கியிருப்பார்.

அம்மா பரணிலிருந்து ட்ரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். யாருக்கு என்று சொல்லவில்லை.

நவம்பர் 17, திங்கள்

வந்து கழற்றிக்கொண்டு போங்கள் என்று ஐயா சொல்லிவிட்டார். மத்தியானம் போனோம். அண்ணன் காலிப் பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டான்.

ஐயா சோபாவில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஊஃபருக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். டேப் ஒட்டினபடியே இருந்ததால் சுவிட்சைச் சந்தேகப்படவில்லை. சோபாவுக்குப் பின்னால் மண்டியிட முயன்று, முடியாமல், ஸ்க்ரூடிரைவரையும் டெஸ்டரையும் அங்கேயே போட்டுவிட்டு எழுந்தான். பிறகு ஐயாவிடம் சொன்னான்.

“பொட்டில கோளாறில்லீங்க. ஒயர்லயும் இல்ல. வெச்ச இடந்தான் தப்புன்னு நினைக்கறனுங்க. என்ற தங்கச்சி காத நம்பி வெச்சது. சின்னப் புள்ளைங்க, சரியாக் கேக்கலியாட்டிருக்குது. ஒரு வாய்ப்புக் குடுங்க, கோயமுத்தூர்ல இருந்து ஆள் கூட்டீட்டு வந்து செட் பண்ணித் தர்றன்.”

அக்கா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து அறை வாசலில் நின்றிருந்தார். அண்ணன் சொன்னது அவருக்கும் கேட்டது. என்னைப் பார்த்தார்.

எனக்கு அம்மா துடைத்து வைத்த பெட்டி ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் அந்த அடுத்த பெட்டுக்காரரும் ஞாபகம் வந்தார். சொல்ல மாட்டேன் என்று நான் தலைதான் ஆட்டியிருந்தேன். தலையாட்டியது பேச்சில் சேராது என்று முடிவு செய்தேன்.

“பொட்டி நல்லாத்தான் இருக்குதுங்க. அக்காவுக்குத்தான் தூக்கமில்லைங்க” என்றேன்.

என் குரல் அந்த அறையில் சின்னதாகக் கேட்டது. திரைச்சீலை கனமானது, சத்தத்தை உறிஞ்சிவிடும்.

“என்ன சொல்லுது?” என்று ஐயா அண்ணனைக் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா, “நாந்தான் சுவிட்ச்சத் தள்ளிவிட்டது” என்றார்.

“எப்ப?”

“மூணு தடவையும்.”

“ஏன் வசந்தா?”

“மத்தியானம் தூங்க முடியல.”

“நீ நல்லாத் தூங்குவியே?”

“யாரு சொன்னா?”

ஐயா யோசித்தார். யாரும் சொல்லவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

இந்த இடத்தில் நாங்கள் வெளியே போயிருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரும் டெஸ்டரும் சோபாவுக்குப் பின்னால் கிடந்தன. எடுக்க வேண்டுமென்றால் அவர்கள் இருவருக்கும் நடுவே போக வேண்டும். எனவே சுவரோரமாக நின்றோம். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அணைந்திருந்தது.

அவர்கள் ஊசியைப் பற்றிப் பேசினார்கள். மகனைப் பற்றிப் பேசினார்கள். அவன் அம்மாவுக்கு ஒரு மாதிரியும் அப்பாவுக்கு ஒரு மாதிரியும் போனில் சொல்லி வைத்திருக்கிறான் என்பது இரண்டு பேருக்கும் இப்போதுதான் தெரிந்தது. அதில் கொஞ்சம் கோபப்பட்டார்கள். மஞ்சள் விலை இறங்கியதை அக்கா இப்போதுதான் கேள்விப்படுகிறார். அவர் நைட் டூட்டியைத் தானாகக் கேட்டு வாங்கினார் என்பதை ஐயா இப்போதுதான் கேள்விப்படுகிறார்.

“நைட்டு டூட்டியா கேட்டு வாங்குன?” என்றார் ஐயா மறுபடியும்.

“பகல்ல இந்த ஊட்டுல என்ன பண்றதுன்னு தெரியல.”

“எனக்கும் தெரியாமத்தான் இத வாங்கினேன்.”

ஐயா எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் அங்கே இருப்பதே அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. “தம்பி, கழட்ட வேண்டாம். அவளும் தூங்கோணும், எனக்கும் தட்டோணும். வழி இருக்குதா?”

அண்ணன் எப்போதும் உடனே இருக்கிறது என்பான். இன்று என்னைப் பார்த்தான். நான் இருக்கலாம் என்று தலையாட்டினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

நேற்றைக்கு நிறையப் பேசிவிட்டேன். தொண்டை வலிக்கிறது. சளியாகவும் இருக்கலாம்.

நவம்பர் 19, புதன்

அக்கா தூங்கும் நேரத்திலேயே போனோம். அப்போதுதான் சரியாகத் தெரியும் என்று நான் அண்ணனிடம் சொல்லியிருந்தேன்.

ஏற்பாடு இதுதான். அக்கா பக்கத்து அறையில் கட்டிலில் படுத்துக்கொள்வார். பேஸ் தொந்தரவாக இருந்தால் சுவரில் தட்டுவார். நாங்கள் இந்தப் பக்கம் பெட்டியை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்போம். ஐயா சோபாவில் உட்கார்ந்து, நெஞ்சில் தட்டுகிறதா என்று சொல்வார்.

ஒரு ஊஃபரை முதலிலேயே துண்டித்துவிட்டேன். அண்ணனுக்கு அழுகை வராத குறை. மற்றதைப் பழைய மூலையில் வைத்துப் போட்டோம். ஐயா கட்டைவிரலை உயர்த்தினார். சுவரில் டக் டக் என்று தட்டு வந்தது. ஜன்னல் பக்கம் மாற்றினோம். ஐயா உதட்டைப் பிதுக்கினார். தட்டு மட்டும் வந்தது. கதவுப் பக்கம் வைத்தபோது படபடவென்று கோபமாக வந்தது.

“அவளுக்கு இத்தன கோவம் வரும்னே தெரியாது” என்றார் ஐயா. சந்தோஷமாக இருந்த மாதிரி தெரிந்தது.

நான் மறுபடியும் தவழ்ந்தேன். இந்த முறை சுவரோரமாகத் தவழ்ந்து பிரயோஜனம் இல்லை. எந்தச் சுவரும் அக்காவின் அறைச் சுவரோடு சேர்ந்ததுதான். அறையின் நடுவே வந்தேன். ஐயாவின் சோபாவுக்குப் பின்னால் ஒரு பெட்டி வைக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அங்கே யாரும் ஊஃபர் வைக்க மாட்டார்கள். பார்வையாக இருக்காது, ஒயரும் காலில் தட்டும். தள்ளி இருப்பவரிடம்தான் கத்த வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருப்பவரிடம் மெதுவாகச் சொன்னாலே போதும். பெட்டியும் அப்படித்தான்.

அங்கே வைத்து, கீழே கனத்த மிதியடியை மடித்துப் போட்டு, ஒலியைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கினேன்.

“நெஞ்சுல வரல” என்றார் ஐயா. பிறகு சாய்ந்து உட்கார்ந்தார். “முதுகுல வருது. யாரோ தட்டிக்குடுக்கற மாதிரி.”

சுவரில் லேசாக ஒரு தட்டு வந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கினேன். ஐயாவைப் பார்த்தேன். போதும் என்றார்.

காத்திருந்தோம். படத்தில் ஒரு பாலம் வெடித்தது. தட்டு வரவில்லை. நிறையப் பேர் செத்தார்கள். தட்டு வரவில்லை.

“வசந்தா, கேக்குதா?” என்று ஐயா சுவரைப் பார்த்துக் கேட்டார். பதில் இல்லை.

அவர் எழுந்து போனார். பக்கத்து அறை வாசலில் நின்றதை நான் தரையிலிருந்து பார்த்தேன். கால்கள் மட்டும் தெரிந்தன. வெகுநேரம் நகரவில்லை. திரும்பி வரும்போது விரல் நுனியில் நடந்து வந்தார். உதட்டில் விரலை வைத்திருந்தார்.

“தூங்கீட்டா” என்றார் வாயை மட்டும் அசைத்து. “எதையும் தொடாதீங்க. அப்புடியே இருக்கட்டும்.”

அண்ணன் சாமான்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான். டேப் கிழித்தால் சத்தம் வரும் என்று காலிப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினான்.

ஐயா கேட் வரை வந்தார். வெளியே வந்த பிறகும் கிசுகிசுவென்றுதான் ஏதோ சொன்னார். ரோட்டில் மஞ்சள் மூட்டை லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் தலையாட்டினோம்.

நவம்பர் 20, வியாழன்

அம்மா அந்தப் பெட்டியில் கம்பளியை வைத்துப் பரணில் ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன்.

அண்ணன் சாப்பிடும்போது, “உன்ற காது நல்லாத்தான் இருக்குது” என்றான். பிறகு மோர் கேட்டான்.

நவம்பர் 24, திங்கள்

பெருந்துறை ரோட்டில் புது வீடு. மண்டிக்காரர்தான் அனுப்பினார். கணவர் தறி வைத்திருக்கிறார். மனைவி கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி நகை போட்டுக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார்.

அண்ணன் ஊஃபரைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றான். “நீயே கேளு” என்றான்.

வழியில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். “இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாருங்க படுப்பாங்க?” என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

“எங்கம்மா” என்றார் கணவர்.

“நானுங்க” என்றார் மனைவி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அண்ணன் ஊஃபரைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். இங்கே வேலை முடிய நாளாகும்.